மகளைத் தேடிக் கதவு தட்டியவர்

இது நடந்தது. வாய்க்கு வாய் மாறி வால் முளைத்த கதையல்ல. நடந்த இடம் மெல்பேர்ணின் மேற்குப் பக்கம், ட்ருகனினா. நடந்த காலம் போன ஆனி மாதம். நடுச்சாமமும் இல்லை, சுடுகாடும் இல்லை. பட்டப்பகல். யோகாவிடம் எத்தனை தரம் கேட்டாலும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் இதையேதான் சொல்வாள். "ஆவியோ?" என்று கேட்டால் மட்டும் பேசாமல் எழுந்து போய்விடுவாள்.

யோகாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. வன்னியிலிருந்து மகன் சுஜீதன் அழைத்து வந்து இரண்டு வருஷம். அவன் ஒரு வேர்ஹவுஸில் சுப்பர்வைசர். மருமகள் தர்ஷனா முதியோர் இல்லத்தில் நேர்ஸ். இருவரும் விடியப் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். வீடு புதுக் குடியிருப்பு எஸ்டேட்டின் கடைசித் தெருவில். முன்னால் வேறு வீடு கிடையாது. வெறும் புல்வெளி, கருங்கற்கள், எந்தக் காலத்திலோ யாரோ அடுக்கிவைத்த இடிந்த கல் மதில். அந்த வெளியிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் யோகாவுக்குத் துணை அந்தக் காற்றுத்தான்.

அந்த வீட்டில் எல்லாவற்றையும் பேசலாம். ராகவியைப் பற்றி மட்டும் பேச முடியாது.

ராகவி யோகாவின் மூத்த பிள்ளை. சண்டை முடிகிற நாட்களில் காணாமற்போனவள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அதன்பிறகு யோகா நடந்த நடை கொஞ்சநஞ்சமல்ல. முகாம், அரச கச்சேரி, ஆணைக்குழு, தெருவோரப் போராட்டப் பந்தல் என்று மகளின் படத்தை மார்பில் அணைத்துக்கொண்டு நடந்தாள். இங்கே வந்த பிறகும் ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் ஒல்லியாக ஒரு பெண் எதிரே வந்தால் அவள் கால் தானாக நின்றுவிடும்.

அன்று காலையில் சுஜீதன்தான் பேச்சைத் தொடங்கினான். தர்ஷனாவுக்கு இரண்டு தரம் கரு கலைந்திருந்தது. செய்யாமல் விட்ட கடன் ஒன்று குடும்பத்தில் இருக்கிறது என்று ஐயர் சொல்லியிருந்தார்.

"அம்மா... பதினாறு வருஷமாச்சு. அக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வம்."

"என்னத்தைச் செய்யிறது?"

"உங்களுக்குத் தெரியும் என்ன எண்டு."

யோகா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவள். உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆரடா எள்ளுத்தண்ணி இறைக்கிறது?"

அவன் சாப்பிடாமலே போய்விட்டான். தர்ஷனா வாசலில் ஒரு கணம் நின்றாள். "மாமி..." என்றாள். பிறகு அவளும் போய்விட்டாள். யோகா அந்தத் தோசையைக் குப்பையில் போட்டுவிட்டு நாள் முழுக்க அழுதாள்.

பின்னேரம் நாலு மணி இருக்கும். வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. யோகா வரவேற்பறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

காற்று நின்றது.

அவள் அதைக் கவனித்தாள். ஏனென்றால் அந்த வீட்டில் காற்று நின்று அவள் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டு நாய் ஒரு தரம் குரைத்தது. அடுத்த குரைப்பு பாதியில் முனகலாகிப் போனது.

டக்... டக்... டக்.

கதவை யாரோ தட்டினார்கள். வாசலில் பெல் இருக்கிறது. தபால்காரனுக்குக் கூடத் தெரியும். இது கை முட்டியால், மரத்தில், அவசரமில்லாமல் தட்டிய சத்தம்.

யோகா கதவைத் திறந்தாள். ஒரு வெள்ளைக்கார அம்மா நின்றார். எழுபது வயது மதிக்கலாம். கணுக்கால் வரை மண்நிறப் பாவாடை, கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புச் சட்டை, ஊசி குத்திய தொப்பி. சப்பாத்து முழுக்கச் சேறு. ஈரச் சேறு.

இரண்டு கிழமையாக மழையே இல்லை.

வீடு வீடாக வேதம் சொல்ல வரும் வேதக்காரர் யாரோ என்று யோகா நினைத்தாள். அவர்கள் சோடியாகத்தான் வருவார்கள். இவர் தனியே. முகத்தைப் பார்த்தால் நெடுந்தூரம் நடந்த களைப்பு. அந்தக் களைப்பை யோகாவுக்கு நன்றாகத் தெரியும்.

"கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டோ?" என்று கேட்டார்.

"வாங்கோ," என்று யோகா வழிவிட்டாள்.

வந்தவர் கதிரையின் நுனியில் இருந்தார். நனைந்த கம்பளியும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு மணம் வந்தது. யோகா குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். வந்தவர் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். குடிக்கவில்லை.

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

"ரெண்டு. மகன் வேலைக்குப் போட்டான். மகள்..."

"மகளைச் சொல்லுங்கோ."

யோகா வழக்கமான பதிலைத் தொடங்கினாள். பெயர், வயது, உயரம், அடையாள அட்டை, கடைசியாகக் கண்ட இடம், உடுத்தியிருந்த உடுப்பு. எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் சொல்லிச் சொல்லி அது அவளுக்குத் தேவாரம் மாதிரி மனப்பாடம்.

அந்த அம்மா தலையை ஆட்டினார்.

"அதில்லை. கோவம் வந்தால் என்ன செய்வாள்?"

யோகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினாறு வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"கிணத்தடிக்குப் போய் வாளி வாளியா அள்ளி ஊத்துவாள். நான் மறிக்கும்வரைக்கும். வாழையெல்லாம் அழுகிப்போகும்..."

"சிரிச்சால்?"

"மூக்கைப் பொத்துவாள்."

"நித்திரையிலை கதைப்பாளோ?"

"ஓம். கணக்குச் சொல்லுவாள். கணக்கெண்டால் உயிர் அவளுக்கு." யோகா சிரித்தாள். சிரித்ததை உணர்ந்து திடுக்கிட்டாள். சிரிப்பு அப்படியே அழுகையானது.

எல்லாவற்றையும் சொன்னாள். அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தின்பது, தம்பியின் தலையில் குட்டுவது, பாம்புக்குப் பயப்படாமல் பல்லிக்குப் பயப்படுவது. கடைசியில் அந்த நாளையும் சொன்னாள். பங்கருக்குள் தண்ணீர் முடிந்துபோனது. ராகவி தண்ணிக் கானைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். போட்டு வாறன் அம்மா என்றாள். பிறகு சத்தம். பிறகு புகை. பிறகு யார் யாரோ யோகாவை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

வந்தவர் குறுக்கே பேசவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை. கண் இமைக்கவே இல்லை என்பது யோகாவுக்கு அப்போது உறைக்கவில்லை.

"எனக்கு ஒரே மகள்," என்றார் அவர், யோகா ஓய்ந்த பிறகு. "எங்கட ஊர் அமெரிக்காவிலை, ஒஹாயோ ஆத்துப் பக்கம். நான் அந்த ஆத்தங்கரைச் சனத்தின்ரை சரித்திரத்தை எழுதினனான். ரெண்டு புத்தகம். ஆர் முதல் வந்து காடு வெட்டினது, ஆர் ஆலை கட்டினது, வெள்ளம் ஆரைக் கொண்டுபோனது, செத்தவையை எந்த மரத்துக்குக் கீழை தாட்டது... வீடு வீடாப் போய்க் கேட்டு ஒருத்தரையும் விடாமல் எழுதினனான்."

"மகள்?"

"கலியாணம் முடிச்சு இந்த நாட்டுக்கு வந்தவள். தலைப்பிரசவம். செய்தி வந்து சேரேக்கை எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவளின்ரை புருஷனும் எங்கையோ போட்டான். நான் கப்பல் ஏறி வந்தனான். எங்கை தாட்டது எண்டு காட்ட ஒரு மனுசரும் இல்லை."

அவர் யன்னலுக்கு வெளியே அந்த வெளியைப் பார்த்தார்.

"ஊர்ச் சனத்தையெல்லாம் எழுதின எனக்கு என்ரை பிள்ளை கிடக்கிற இடம் தெரியேல்லை."

ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அறை குளிர்ந்துகொண்டே போனது. யோகாவின் மூச்சு வாய்க்கு முன்னால் வெள்ளையாகப் பறந்தது.

அவர் வாய்க்கு முன்னால் ஒன்றுமில்லை.

அவர் எழுந்தார். கோப்பையை மேசையில் வைத்தார். யோகாவின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார்.

ஐஸ்...

"இனி நீ நடக்காதை, பிள்ளை," என்றார்.

கதவு திறந்தது. மூடியது.

யோகா ஓடிப்போய்த் திறந்தாள். நேரான தெரு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருவரும் இல்லை. காற்று மறுபடி அடித்தது.

திரும்பினாள். வெள்ளை ஓடு பதித்த தரை. அவ்வளவு சேற்றுக்கும் ஒரு பொட்டுக் கறை இல்லை.

கோப்பை நிறைந்தபடி இருந்தது. மேலே ஆடை படர்ந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

யோகாவுக்கு இங்கிலிஷ் ஓடாது. 'தாங்க்யூ', 'சொரி', 'ஹவ் மச்'. அவ்வளவுதான்.

அந்த அம்மா அவ்வளவு நேரமும்... எந்தப் பாஷையில் பேசினார்?

வீட்டுக்கு வந்த சுஜீதன் முதலில் கேட்டது, "அம்மா, மாத்திரை போட்டனீங்களோ?" என்றுதான். பிறகு போனில் வாசல் கமராவைப் பார்த்தான். பக்கத்தில் தர்ஷனாவும் நின்று பார்த்தாள்.

படத்தில் கதவு திறக்கிறது. யோகா நிற்கிறாள். நிமிர்ந்து யாரையோ பார்க்கிறாள். வாங்கோ என்கிறாள். ஓர் ஆள் உள்ளே போக எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு விலகி நிற்கிறாள். கதவு மூடுகிறது.

படம் முழுக்க யோகாவைத் தவிர ஒருவரும் இல்லை.

சுஜீதன் பெருமூச்சு விட்டான். தர்ஷனா அவன் கையிலிருந்து போனை வாங்கித் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓடவிட்டாள். சத்தத்தைக் கூட்டினாள்.

டக்... டக்... டக்.

தட்டிய சத்தம் தெளிவாகப் பதிவாகியிருந்தது. தட்டிய கைதான் இல்லை.

அதன்பிறகு அந்தப் படத்தை யாரும் பார்க்கவில்லை. டொக்டர் யோகாவின் தலையை ஸ்கான் செய்யச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது.

தர்ஷனாவால் இதை மனதுக்குள் வைத்திருக்க முடியவில்லை. வேலையிடத்தில் கூட வேலை செய்யும் பெண்ணிடம் மெதுவாக இங்கிலிஷில் சொன்னாள். இருவருமாக ஒரு கட்டிலுக்குப் படுக்கைவிரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கதிரையில் மோரீன் இருந்தார். தொண்ணூறு தாண்டிய வெள்ளைக்கார அம்மா, அந்தப் பக்கத்துப் பழைய பண்ணைக் குடும்பம். யாரோடும் அதிகம் பேசாதவர். அவர் சட்டென்று தலையைத் தூக்கினார்.

"சப்பாத்தில் சேறு இருந்ததா?" என்று கேட்டார்.

தர்ஷனாவின் கையிலிருந்து விரிப்பு நழுவியது. அவள் சேற்றைப் பற்றிச் சொல்லவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை யோகாவை அங்கே கூட்டிப்போனார்கள். மோரீன் யோகாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். தர்ஷனா நடுவில் இருந்து தமிழில் சொன்னாள். சுஜீதன் யன்னலோரம் நின்றான்.

"அவவின்ரை பேர் லவீனியா ப்ராக்டனாம், மாமி. அமெரிக்காவிலை சரித்திரப் புத்தகம் எழுதினவவாம். மகளின்ரை புதைகுழியைத் தேடி இஞ்சை வந்தவவாம். மோரீனின்ரை அப்பப்பாதான் பண்ணையிலை ஒரு அறை குடுத்து வைச்சிருந்தவராம். ஒவ்வொரு நாளும் வீடு வீடாப் போய்த் தட்டுவாவாம். கடைசியிலை ஒரு மழைநாள், அந்தக் கல் மதிலிலை சாஞ்சு இருந்தபடி..."

"எப்ப?"

தர்ஷனா கேட்டுச் சொன்னாள். "முதலாம் உலக யுத்தம் முடிஞ்ச வருஷம்."

இதில் யோகாவுக்கு அதிசயம் இல்லை. கன்னத்தில் பட்ட அந்தக் குளிர் அவளுக்கு எப்போதோ சொல்லியிருந்தது.

மோரீன் தொடர்ந்தார். அதன்பிறகும் லவீனியா தட்டுவதை நிறுத்தவில்லையாம். அந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியுமாம். ஆண்களுக்குச் சொல்வதில்லையாம். மோரீன் சிறு பிள்ளையாக இருந்தபோது அடுத்த யுத்தம். சிங்கப்பூர் விழுந்தபோது அவருடைய அண்ணன் காணாமற்போனான். 'காணவில்லை' என்று மட்டும் தந்தி வந்தது. தாய் காத்திருந்தாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மோரீன் கண்டது, அம்மா வெறும் கதிரைக்கு முன்னால் இருந்து அண்ணனின் குறும்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்ததை. அம்மா சிரித்தாராம். பிறகு அழுதாராம். மேசையில் இரண்டு கோப்பை இருந்ததாம்.

"அண்ணன் வந்தவனோ?" என்றாள் யோகா.

தர்ஷனா கேட்டாள். மோரீன் சொல்லத் தொடங்கினார். தர்ஷனா வாயைத் திறந்தாள். மூடினாள்.

"சொல்லு, பிள்ளை."

"பக்கத்துப் பண்ணைப் பெடியனும் அதே மாதிரிக் காணாமற்போனவனாம், மாமி. ரெண்டு பேரும் ஒண்டாப் போனவையாம். அந்தத் தாயும் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி வைச்சுக்கொண்டு லவீனியா வருவா எண்டு பாத்துக்கொண்டிருந்தவவாம். லவீனியா அந்த வாசல் படலையைக் கடந்து போவாவாம். ஒருநாளும் தட்டேல்லையாம். சண்டை முடிய... அந்தப் பெடியன் உயிரோடை திரும்பி வந்தானாம்."

"இவவின்ரை அண்ணன்?"

தர்ஷனா சுஜீதனைப் பார்த்தாள். அவன் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மோரீன், தமிழில் நடந்த பேச்சுப் புரியாமல், மெதுவாக, யோகாவின் கையைத் தடவியபடி ஒரே ஒரு வரி சொன்னார். இங்கிலிஷில்தான் சொன்னார்.

"மாமி, அவ என்ன சொல்லுறா எண்டால்... ஒண்டுமில்லை, மாமி. பழைய கதை."

யோகாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பிள்ளை செத்த தாயின் கதவை மட்டும்தான் லவீனியா தட்டுவார்.

காரில் திரும்பினார்கள். வேர்ஹவுஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போயின. வீட்டு வாசலில் கார் நின்றது. யோகா இறங்கவில்லை.

"சுஜீ."

"சொல்லுங்கோ அம்மா."

"ஐயரோடை கதை."

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தான். யோகா பின்னாலிருந்து அவன் தலையைத் தடவினாள். அவன் அழட்டும் என்று விட்டாள். பதினாறு வருஷமாக அவனுக்கு அழ இடம் கொடுக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த அமாவாசைக்கு அல்டோனா கடற்கரையில் செய்தார்கள். கடும் குளிர். சுஜீதன் முழங்கால் தண்ணீரில் நின்று அக்காவின் பேர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தான். ஐயர் முடிக்கப் போகும்போது யோகா தடுத்தாள்.

"ஐயா, இன்னொரு பிள்ளைக்கும் இறைக்க வேணும்."

"ஆருக்கம்மா? பேர்?"

"பேர் தெரியாது. தாய் தேடித் திரியிறா."

ஐயர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் எள்ளை எடுத்துக் கொடுத்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் யோகா இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

புரட்டாதி பிறந்து வெயில் கொஞ்சம் காட்டத் தொடங்கியது. அதே தெருவில், நாலைந்து வீடு தள்ளி, கலா இருந்தாள். திருச்சிக்காரி, புருஷன் இல்லை, ஒரே மகன் பிரசன்னா யூனிவர்சிட்டியில் படிக்கிறான். யோகாவும் கலாவும் காலையில் சேர்ந்து நடப்பார்கள். அன்று கலா வரவில்லை. யோகா அவள் வீட்டுக்குப் போனாள்.

"வாங்கக்கா, வாங்க! அல்வா கிண்டிட்டு இருந்தேன். அதான் வரல." கலாவின் முகமெல்லாம் சிரிப்பு. "நாளைக்குப் பிரசன்னா வர்றான்ல."

"எங்கை போனவன்?"

"டாஸ்மேனியாவுக்கு. ஃபிரெண்ட்ஸோட மலையேறப் போயிருக்கான். ரெண்டு நாளா போனே எடுக்கல, அங்கெல்லாம் சிக்னல் இருக்காதாம்." கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அக்கா, ஒண்ணு சொல்லணும். நேத்து சாயங்காலம் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்தாங்க. பெல் இருக்கு, அத விட்டுட்டுக் கதவத் தட்டுறாங்க. பாவம், ரொம்ப தூரம் நடந்து வந்தவங்க மாதிரி இருந்துச்சு. பிரசன்னாவைப் பத்தி அவ்ளோ ஆசையா விசாரிச்சாங்கக்கா. இந்த ஊர்ல நம்ம புள்ளைய பத்தி யாரு அப்படிக் கேக்குறா? போகும்போது கன்னத்தத் தொட்டாங்க. கை அப்படி ஒரு ஜில்லு!"

யோகா கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"என்னக்கா? முகமே வெளுத்துப்போச்சு. தண்ணி தரட்டா?"

"ஒண்டும் வேண்டாம். நீர் இதிலை வந்து இரும். எனக்குப் பக்கத்திலை இரும்."

கலா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். யோகா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிரசன்னாவைப் பற்றிச் சொல்லும்."

"ஐயோ, அவனைப் பத்தியா? அதச் சொன்னா நாள் பூராச் சொல்லலாம்..."

கலா சொல்லத் தொடங்கினாள். மூன்று வயதில் சாமி அறைக் கற்பூரத்தைத் தின்றது. பகுதிநேர வேலையின் முதல் சம்பளத்தில் அவளுக்கு அளவு தெரியாமல் செருப்பு வாங்கி வந்தது. சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யோகா அந்தக் கையை இறுக்கிப் பிடித்தபடி கேட்டாள். ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. கலா சொல்லிக்கொண்டிருக்கும் வரைக்கும் அந்தப் பிள்ளை இருந்தான்.

குசினி மேசையில் கலாவின் போன் அடித்தது.